தடுமாற்றம் குறைய: தண்ணீரிலா, தரையிலா?

குளியலறை வாசற்படியைத் தாண்டும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளும் பெரியவரைக் கேட்டால், "காலில் பலம் இல்லை" என்பார். அது பாதிக் காரணம்தான். கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் மூளைக்கு விடாமல் தகவல் அனுப்புவதால்தான் நாம் விழாமல் நிற்கிறோம். வயது ஏற ஏற இவை மந்தமாகின்றன. ஆனால் பயிற்சி கொடுத்தால் சமநிலை தேறும்.

முதலில் தண்ணீர். இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்பளவில் இன்னும் குறையும். முழங்கால் வலியால் தரையில் தயங்கி எடுக்கும் அடியை அங்கே துணிந்து எடுக்கலாம். தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சாய்ந்தாலும் மெதுவாகத்தான் சாய்வோம். சுதாரிக்க நேரம் கிடைக்கும். மார்பளவு நீரில் ஒற்றைக்காலில் நின்றால், பக்கத்தில் ஒருவர் நடந்து போனாலே அலை வந்து தள்ளும். கணுக்கால் இப்படியும் அப்படியும் அசைந்து உடம்பை நிமிர்த்தும். அந்த அசைவுதான் பயிற்சி.

ஆனால் நாம் தடுக்கி விழுவது தரையில்தானே? முழு எடையைச் சுமந்து, சட்டென்று கால் மாற்றி வைக்கும் பழக்கம் தரையில்தான் வரும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி செய்யும் முதியோர் கீழே விழுவது சுமார் 23 சதவீதம் குறைவதாகக் கண்டது. நீர்ப் பயிற்சியையும் தரைப் பயிற்சியையும் நேரடியாக ஒப்பிட்ட பல ஆய்வுகளில் சமநிலை தேறுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எனவே மூட்டுவலியோ விழுந்துவிடும் பயமோ அதிகமிருந்தால், துணைக்கு ஒருவரோடு தண்ணீரில் தொடங்குங்கள். தைரியம் வந்ததும் தரைக்கு வாருங்கள். இதய நோய், வலிப்பு, ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீச்சல் குளத்தில் இறங்க வேண்டாம்.

குளம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி 10 எண்ணுங்கள். பிறகு சுவரோரமாக, கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வதுபோல, ஒரு பாதத்தின் விரலை ஒட்டி மறு பாதத்தின் குதிகாலை வைத்து நடங்கள். முதலில் இரண்டு கை பிடிப்பு, அடுத்து ஒரு கை, பிறகு ஒரு விரல் என்று பிடியைக் குறையுங்கள். தினமும் செய்தால், வாசற்படியில் சுவரைத் தேடும் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேடுவதை விடும்.