வண்ணத்தில் எழுதிய சுரங்கள்

முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர் வியன்னா நகரத்துப் பியானோக் கலைஞர் பால் விட்கென்ஸ்டைன். ஆயினும் அவர் வாசிப்பதை விட்டாரில்லை. அவருடைய வேண்டுகோளுக்கிணங்கப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல், பியானோப் பகுதியை இடக்கை ஒன்றே வாசிக்கத்தக்க பேரிசைப் படைப்பொன்றை 1930-ல் எழுதி முடித்தார்.

தேர்ந்த கலைஞர் ஒருவருக்காக இசையே வளைந்து கொடுத்தது. கற்கத் தொடங்கும் குழந்தைக்கோ நாம் அவ்வாறு செய்வதில்லை. விரல் படியாவிட்டாலும், சுரக்குறிப்பு விளங்காவிட்டாலும், "இதற்கு இசை வராது" என்று ஒதுக்கிவிடுகிறோம். தடை இருப்பது செவியிலா, கையிலா, ஏட்டிலா என்று முதலில் ஆராய வேண்டாமா?

கையில் உள்ள தடையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வகுத்த சிறுவர் இசைக்கல்வியில், கோலால் தட்டி வாசிக்கும் சைலபோன் முக்கியமான கருவி. அதன் கட்டைகளைத் தனித்தனியே கழற்றலாம். மேனாட்டாரின் 'சி' சுரத்தை நமது சட்ஜமாகக் கொண்டு, மத்திமத்தையும் நிஷாதத்தையும் நீக்கிவிட்டால், எஞ்சும் ஐந்தும் மோகன இராகத்தின் சுரங்களாகும். நடுங்கும் கை குறி தவறிப் பக்கத்துக் கட்டையைத் தட்டினாலும் செவிக்கு உறுத்தாது. குழந்தை அச்சமின்றிப் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்.

ஏட்டில் உள்ள தடை இன்னும் நுட்பமானது. மேனாட்டு முறையில் எழுதிய இசையை வாசிப்பவர், ஐந்து கோடுகளில் புள்ளி நிற்கும் இடத்தைக் கண்டு, அதன் பெயரை நினைவுகூர்ந்து, அதற்குரிய கட்டையைத் தேடி அழுத்த வேண்டும். நொடிப்பொழுதில் மூன்று வேலைகள்! இதனைச் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கு எளிதாக்கும் பொருட்டு, பின்லாந்து நாட்டு இசைச் சிகிச்சையாளர் கார்லோ ஊசிதாலோ 1990-களில் உருவச் சுரக்குறிப்பு முறையை வகுத்தார்.

இதில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு வண்ணம் உண்டு. 'சி' சட்ஜமானால், ச சிவப்பு, ரி பழுப்பு, க சாம்பல், ம நீலம், ப கறுப்பு, த மஞ்சள், நி பச்சை. ஸ்தாயியை வடிவம் காட்டும். கீழிருந்து மேலாகச் சிலுவை, சதுரம், வட்டம், முக்கோணம் என வரும். இதே வண்ண வடிவங்கள் பியானோக் கட்டைகளிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஏட்டில் சிவப்பு வட்டத்தைக் கண்ட குழந்தை, சிவப்பு வட்டம் ஒட்டிய கட்டையை அழுத்தினால் போதும். ஒலி நீள வேண்டுமாயின் வடிவத்தைத் தொடர்ந்து ஒரு பட்டை நீளும். அரைச்சுரம் ஏறுவதற்கு வலப்புறம் சாய்ந்த அம்பும், இறங்குவதற்கு இடப்புறம் சாய்ந்த அம்பும் அடையாளம்.

சுரம், ஸ்தாயி, கால அளவு ஆகிய எதுவும் இங்கே விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இசையைக் குறைத்துக் கொடுக்காமல், எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் முறை இது. ஹெல்சிங்கி நகரின் ரெசொனாரி இசைப்பள்ளி இம்முறையைக் கையாண்டு, சிறப்புத் தேவையுடையோரை நோயாளிகளாகக் கருதாமல் மாணவர்களாகவே கொண்டு பயிற்றுவித்து வருகிறது.

நம் வீட்டு ஆர்மோனியத்திலும் வண்ணத்தாளை ஒட்டுவதற்குப் பெரும் செலவாகாது. எனினும் வண்ணத்தாளைக் காட்டிலும் வேண்டுவது ஆசிரியரின் மனமாற்றமே. மனத்தை ஆற்றும் மருந்தாக இசையைக் குழந்தைக்குக் கொடுப்பது நன்று. ஆனால் மற்றக் குழந்தைகளைப் போல, ஒரு பாட்டை முழுவதும் வாசித்துப் பழகி, பலர் முன் வாசித்துக்காட்ட அதுவும் விரும்பலாம் அல்லவா? அந்த விருப்பத்துக்கு இடங்கொடுப்பதே உண்மையான இசைக்கல்வி.