விண்ணில் ஓர் அஞ்சல் முரசு

விண்ணில் வலம் வரும் செயற்கைக்கோள் எந்நேரமும் நம்மோடு பேசிக்கொண்டே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று.

சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இத்தகைய சிறு கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒரு தரை நிலையத்தின் கண்ணில் அவை படுவது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 நிமிடங்களே! பூமியும் சுழல்வதால், பல சுற்றுகளில் அந்தப் பக்கமே வருவதில்லை. எனவேதான் செய்தியைச் சேமித்து வைத்துப் பின்னர் வழங்கும் கருவி அனுசாட்டில் இடம்பெற்றது.

ஆனால், நடுக்கடலின் மேல் செல்லும்போது மின்கலம் பழுதடைந்தால் அதன் அபயக்குரலை யார் கேட்பது?

நம் ஊரின் பெயர் பேரிகை. பேரிகை என்றால் முரசு. ஒரு முரசின் ஒலி எட்டாத இடத்துக்கு, இடையில் மற்றொரு முரசு அதனை ஏற்று முழங்கினால் செய்தி சேர்ந்துவிடும். அஞ்சல் செயற்கைக்கோளின் வேலையும் இதுவே. 1983 ஏப்ரலில் சாலஞ்சர் விண்வெளி ஓடத்தின் மூலம் நாசா தன் முதல் அஞ்சல் கோளை அனுப்பியது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது பூமியின் ஏறத்தாழ ஒரு பாதியைக் காணும். நம் ககன்யான் வீரர்களுடன் தொடர்பு அறாதிருக்க, இஸ்ரோவும் இத்தகைய இரு கோள்களுக்குத் திட்டம் வகுத்தது.

சிறு கோளுக்கு அவ்வளவு தூரம் பேச வலிமை ஏது? தூரம் 10 மடங்கானால், வந்து சேரும் அலையின் வலிமை 100-ல் ஒரு பங்காகிவிடும். ஆகவே அது அருகிலுள்ள துணையை நாடுகிறது. தொலைபேசிக்காக 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 இரிடியம் கோள்களே அத்துணை. 2013 முதல் நாசாவின் சில சிறு கோள்கள் இரிடியம் மோடத்தைச் சுமந்து சென்றன. எனினும், இரிடியத்தின் அலைகள் கீழ்நோக்கியே பாய்வதால், அதற்குத் தாழப் பறக்கும் கோள்களுக்கே இவ்வசதி. அதுவும் குறுஞ்செய்தி அளவுதான். படங்களை இறக்கத் தரை நிலையமே வேண்டும்.

இந்தியாவின் 750 அரசுப் பள்ளி மாணவியர் பங்கேற்று உருவாக்கிய 'ஆசாதிசாட்-2' 2023 பிப்ரவரி 10 அன்று விண்ணேறியது. தோழியரே, கோளைச் செய்தது நம் போன்ற பெண்களின் கைகள். நாளை அக்கோள்களின் குரலை உலகுக்கு எடுத்துரைக்கும் அஞ்சல் முரசையும் நாமே செய்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி