நெற்றி உயரக் கம்பும் எட்டடிக் கம்பும்

திருவண்ணாமலைக் கோயிலில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் எதிரே நிற்பது வல்லாள மகாராஜா கோபுரம். தலைநகர் துவாரசமுத்திரம் கைவிட்டுப் போனபின் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் இந்த ஊரில் இருந்துகொண்டுதான் ஆண்டார். மதுரைச் சுல்தானோடு போரிட்டு, எண்பது வயதுக்கு மேல் சிறைப்பட்டுக் கொலையுண்டார். அந்தக் கொடுமையைப் பயணி இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார். வல்லாளரின் வீரர்கள் வாளை எப்படிப் பிடித்தார்கள், எந்தக் காலை முன்வைத்தார்கள் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெர்மனியில் ஒரு பாதிரியார், வாளும் சிறு கேடயமும் ஏந்திச் சண்டையிடும் முறையைப் படம் படமாக வரைய வைத்து லத்தீனில் விளக்கமும் சேர்த்தார். இன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுவடிதான் ஐரோப்பாவில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாட்போர் நூல். ஏழு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் மாற்று, அந்த மாற்றுக்கும் மாற்று என்று போகிறது. கடைசியில் வால்பூர்கிஸ் என்றொரு பெண்ணும் வாளோடு வருகிறாள். பாதிரியார் மடத்தில் இதற்கெல்லாம் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும், கேட்டுப் பயனில்லை.

இப்படிப்பட்ட நூல்கள் ஐரோப்பாவில் ஏராளம். ஆனால் சொல்லிக்கொடுத்த ஆசான்களின் வரிசை பெரும்பாலும் அறுந்துவிட்டது. 1990களிலிருந்துதான் ஆர்வலர்கள் பழைய சுவடிகளைப் பிரித்துவைத்து, மழுங்கிய எஃகு வாளோடும் முகக்கவசத்தோடும் அந்த அசைவுகளை மீட்டெடுத்து வருகிறார்கள். ஆசியா முழுக்கவே ஏடு இல்லாத பூமி என்றும் சொல்லிவிட முடியாது. சீனத் தளபதி சி ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டிலேயே படங்களோடு பயிற்சி நூல் எழுதினார். கொரிய அரசவை 1790இல் ஒன்று வெளியிட்டது. நம் பக்கத்தில் அக்கினி புராணம் வாளும் கேடயமும் ஏந்தியவன் செய்யும் 32 செயல்களைப் பட்டியல் போடுகிறது. பெயர்கள் இருக்கின்றன, காலை எங்கே வைப்பது என்பது இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏட்டுக்குப் பதில் கல் இருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைத் தமிழக அரசின் தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் பல. பெரும்பாலும் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். சில வீரர்களின் உடம்பில் தைத்த அம்புகளையும் சிற்பி விடவில்லை. எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்திக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து அது காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைப் பொறித்த ஊர், வாள் வீச்சின் பெயரைப் பொறிக்கவில்லை. கல்லில் இருப்பது ஒரே கணம். அதற்கு முந்தைய அடியும் பிந்தைய அடியும் அதில் கிடையாது.

அந்த அடிகள் நம்மிடம் ஏதாவது வடிவில் மிஞ்சியிருக்கின்றன என்றால் அது சிலம்பத்தில்தான். காலடி, வீச்சு, தட்டு எல்லாம் ஆசானின் உடம்பிலிருந்து மாணவன் உடம்புக்குப் போகின்றன. வழியில் எது எப்போது மாறியது என்று ஒத்துப் பார்க்க மூலப் பிரதி கிடையாது. ஆனால் கம்பு இருக்கிறது. கம்பின் கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

சிலம்பக் கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம். சுமார் ஐந்தரை அடி. 1599இல் நூல் எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வரும் ஆளை வைத்துத்தான் அளக்கச் சொன்னார்: கம்பைச் செங்குத்தாக நிறுத்திக் கையை எட்டும் மட்டும் உயர்த்து, இரண்டு கையும் பிடிக்க அதற்கு மேல் கொஞ்சம் இடம் விடு. அப்படி அளந்தால் எட்டு, ஒன்பது அடி வந்துவிடும். இரண்டரை அடி வித்தியாசம் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. ஒரே பருமனுள்ள கம்பின் நீளம் கூடும்போது எடையும் கூடும், அந்த எடை பிடியிலிருந்து விலகியும் போகும். அதனால் சுழற்சிக்கு அது காட்டும் எதிர்ப்பு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஐந்தரை அடியை விட எட்டடிக் கம்பு மூன்று மடங்கு முரண்டு பிடிக்கும். நிறுத்தித் திருப்புவதற்குள் எதிராளி உள்ளே வந்துவிடுவான். அவ்வளவு நீளத்தைச் சுற்றுவதை விட நேராக நீட்டிக் குத்துவதே லாபம்.

பிடிக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. வீட்டில் ஒரு நீளமான கழியை நடுவில் பிடித்துச் சுழற்றிவிட்டு, பிறகு நுனியில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். நுனியில் எதிர்ப்பு நான்கு மடங்கு. கால்வாசி நீளத்தில் பிடித்தால் ஒன்றே முக்கால் மடங்குதான். அதே சமயம் முக்கால்வாசிக் கம்பு எதிராளியை நோக்கி நீள்கிறது. குறைந்த விலைக்கு நிறைய எட்டும் தூரம். ஐந்தரை அடிக் கம்பை அப்படிப் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டரை எட்டும். நீண்டிருக்கும் நாலடி, மார்புயரத்தில் சுழலும்போது தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். எட்டடிக் கம்பில் அதே பிடிக்கு ஆறடி நீளும், மண்ணில் இடிக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஐரோப்பாவிலேயே ஆசான் வரிசை அறாத ஒரு கம்பாட்டம் கிடைக்கிறது. வட போர்ச்சுகலின் மலைக் கிராமங்களில் ஆடு மேய்ப்பவர்கள் கையில் வளர்ந்த ஜோகோ டோ பாவ். அங்கே கம்பு சில்வரின் அளவுக்கு நீளமில்லை, நம் கம்புக்குக் கிட்டத்தில் வருகிறது. எதிர்பார்த்த மாதிரியே அவர்களும் குத்துவதை விட வீசிச் சுழற்றுகிறார்கள். ஒருவரைப் பலர் சூழ்ந்துகொண்டால் எப்படிச் சமாளிப்பது என்ற பயிற்சி அவர்களிடமும் உண்டு, சிலம்பத்திலும் உண்டு. கூட்டத்துக்கு நடுவே ஒருவனைக் குத்திவிட்டுக் கம்பை உருவுவதற்குள் முதுகில் அடி விழும். சுழலும் கம்பு மட்டுமே நாலு பக்கமும் ஆளைத் தள்ளி நிறுத்தும்.