குப்பை மேட்டிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள்

பழைய யுத்த விமானங்களில் மோகங்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வாலில் எழுதிய எண்ணைக் கொண்டே ஒரு விமானம் எந்தத் தொழிற்சாலையில், எந்த வருஷத்தில் பிறந்தது, எந்தப் படையில் ஊழியம் செய்தது என்று சொல்லிவிடும் அன்பர்கள் அவர்கள். வேலையற்றவர்களின் விநோதம் இது என்று நாம் வெகு நாள் நினைத்திருந்தோம். அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்தவர், நமது விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவர் ஒரு பழைய கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் எழுதியிருப்பது வரவு செலவு அல்ல. லிபரேட்டர் விமானங்களின் எண்கள்.

லிபரேட்டர் என்பது சென்ற மகாயுத்தத்தில் அமெரிக்கர் கட்டிய பெரிய குண்டுவீச்சு விமானம். நான்கு எஞ்சின்கள், இறக்கையின் நீளம் 110 அடி. 1939-ம் வருஷக் கடைசியில் முதன்முதலாகப் பறந்த இது, யுத்தம் முடிவதற்குள் 18,000-க்கும் மேல் உற்பத்தியாயிற்று. நெடுந்தூரம் போய்வரும் சக்தி இருந்தபடியால் வங்காளத்திலிருந்து பர்மாவின் ரயில் பாதைகளைத் தாக்கவும், வங்காள விரிகுடாவைக் காவல் காக்கவும் பிரிட்டிஷார் இதையே பெரிதும் நம்பினர். சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் 1944-ல் பிரிட்டிஷ் லிபரேட்டர் பிரிவு ஒன்று தங்கியிருந்தது.

யுத்தம் ஓய்ந்ததும் இவ்விமானங்கள் வேண்டாத பொருளாயின. கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி வந்தவை அவை. வைத்துக்கொண்டால் அமெரிக்காவுக்கு விலை கொடுக்க வேண்டும், இல்லையேல் ஒழித்துக் கட்ட வேண்டும். பிரிட்டிஷ் விமானப் படை இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தது. கான்பூர் விமான நிலையத்தில் ஏராளமான லிபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி, சிலவற்றை இடித்துச் சிதைத்தார்கள். சிலவற்றின் எஞ்சின்களில் மணலைக் கொட்டினார்கள். இனி எவரும் இவற்றைப் பறக்கவிட முடியாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கப்பலேறினார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்த அந்த மைதானம் பெரியதொரு காயலான் கடையாக மாறிற்று.

1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டபோது சுதந்திர இந்தியாவிடம் ஒரு குண்டுவீச்சு விமானமும் இல்லை. சாமானும் சிப்பாய்களும் ஏற்றும் டகோட்டா விமானங்களின் பக்கக் கதவு வழியே குண்டுகளை உருட்டித் தள்ளிச் சமாளித்தார்கள் நமது விமானிகள். புது விமானம் வாங்குவதும் எளிதாயில்லை. அப்பொழுதுதான் கான்பூர்க் குப்பை மேட்டின் ஞாபகம் சர்க்காருக்கு வந்தது.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டது பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் ஸ்தாபித்த இத்தொழிற்சாலை, யுத்த காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையாக நடந்து வந்தது. அந்நியருடைய யுத்தத்துக்காக அங்கே ஸ்பானர் பிடித்துப் பழகிய கைகளே பிறகு நமக்கு உதவின. ஒன்றின் வாலும் மற்றொன்றின் சக்கரமும் வேறொன்றின் எஞ்சினுமாகப் பொறுக்கிச் சேர்த்து, கான்பூரிலிருந்து பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்கு ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டார்கள். அவற்றை ஓட்டிச் சென்றவர் ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி. மணல் கொட்டிக் கிடந்த விமானத்தில் ஆயிரம் மைல் தூரத்துக்குத் துணிந்து ஏறுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதை நேயர்களே யோசித்துப் பார்க்கலாம். பெங்களூரில் முழுமையாகச் செப்பனிடப்பட்ட லிபரேட்டர்களைக் கொண்டு 1948 நவம்பரில் நமது விமானப் படையின் 5-வது ஸ்குவாட்ரன் அமைந்தது. 1951-ல் 6-வது ஸ்குவாட்ரனும் இவற்றைப் பெற்றுக் கடற்காவலில் இறங்கிற்று.

நமது முதியவர் அந்த ஆறாவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். ஜாலஹள்ளியில் பயிற்சி பெற்று 1960-க்குப் பின் பூனாவுக்குப் போனார். “காலையில் முதல் வேலை விசிறியைக் கையால் சுற்றுவதுதான், ஐயா” என்று தொடங்கினார். இரவெல்லாம் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கி நிற்கும். அதைக் கலைக்காமல் கிளப்பினால் எஞ்சின் முறிந்து போகும். நான்கு எஞ்சின்களின் விசிறிகளையும் ஒவ்வோர் அலகாகத் தள்ளி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடுமாம். குண்டறையின் கதவு கடைக்காரர் சுருட்டி ஏற்றும் தகரக் கதவைப் போல விமானத்தின் விலாவில் ஏறிக்கொள்ளும். உள்ளே பெட்ரோல் ஆவி சேராதிருக்க, அதைச் சற்றே திறந்து வைத்துக் கிளம்புவார்கள். “அந்த வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை” என்றார். கதை சொல்லும்போது அவருடைய வலது கை தன்னையறியாமல் எதையோ தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

1968 டிசம்பருடன் அவற்றின் ஊழியம் முடிந்தது. உலகத்தில் கடைசியாக லிபரேட்டரைப் பறக்கவிட்ட விமானப் படை நம்முடையதே. அமெரிக்கா தன்னுடையவற்றில் பெரும்பாலானவற்றை யுத்தம் முடிந்த கையோடு உருக்கிவிட்டபடியால், பொருட்காட்சிசாலைக்காரர்கள் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். ஒன்று 1968-ல் கனடாவுக்குப் போயிற்று, ஒன்று 1969-ல் அமெரிக்காவின் அரிஸோனாவுக்குப் போயிற்று, எச்.இ. 807 என்ற எண்ணுடையது 1974-ல் பிரிட்டிஷ் விமானப் படைப் பொருட்காட்சிசாலையை அடைந்தது. சிதைத்துவிட்டுப் போனவர்களே திரும்ப வாங்கி, மெருகிட்டுப் பாதுகாக்கிறார்கள்! இன்னொன்றை அமெரிக்கர் புதுப்பித்து 1989-ல் பறக்கவிட்டு, அதற்கு ‘ஆல் அமெரிக்கன்’ என்று பெயரும் சூட்டினார்கள். பிரிட்டிஷ் படையில் சில மாதமும் இந்தியப் படையில் ஏறக்குறைய இருபது வருஷமும் உழைத்த விமானத்துக்கு இப்பெயர்! அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. போற்றுகிறவன் தனக்குப் பிடித்த பெயரை வைக்கிறான்.

கனடாவுக்குப் போனதற்கு ஈடாக நாம் பெற்றது ஒரு லைஸாண்டர் விமானம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1942 பிப்ரவரியில் கருண் கிருஷ்ண மஜும்தார் தலைமையில் நமது முதலாவது ஸ்குவாட்ரன் பர்மாவிலிருந்து சென்று ஜப்பானியரைத் தாக்கியது இந்த ஜாதி விமானத்தில்தான். வேவு பார்ப்பதற்காகவே ஏற்பட்ட அந்தச் சிறு விமானத்தில் குண்டுகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். மஜும்தார் 1945-ல் லாகூரில் விமான விபத்தில் மாண்டார். நமது வீரர்கள் ஓட்டிய விமானத்தின் ஜாதியை நமது குழந்தைகளுக்குக் காட்ட, கனடாவிலிருந்து வரவழைக்க நேர்ந்தது. டில்லி பாலத்தில் அந்த லைஸாண்டரும், நாம் நமக்கென்று நிறுத்திக்கொண்ட ஒரு லிபரேட்டரும் இருக்கின்றன.

விமானங்களாவது மிஞ்சின. கான்பூரில் வெயிலில் நின்று மணலை வாரியவர்களின் பெயர்கள் எங்கே? விமானிகள் சிலரின் சரித்திரம் அச்சேறியிருக்கிறது. ரிவெட் அடித்தவர்களையும் எஞ்சின் கழற்றியவர்களையும் கேட்டு எழுதியவர் அரிது. கேட்பதற்கும் இப்பொழுது அவர்களில் ஒருவரும் இரார். அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையினர் இருக்கிறார்கள். தாம்பரத்திலும் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரப் பிள்ளைகள்கூடக் கேட்காத கதைகளோடு இருக்கிறார்கள். விமானப் படையும் கல்லூரிகளும் ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கி, அவர்கள் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டால் என்ன? இதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை.

முதியவரின் நோட்டில் சில எண்களுக்கு எதிரே ஊர்ப் பெயர்கள் எழுதியிருந்தன. வெளிநாட்டு விமானப் பிரியர்கள் வெளியிட்ட படங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டாராம். பல எண்களுக்கு எதிரே ஒன்றுமில்லை. விடைபெறும்போது ஒரு படத்தைக் காட்டினார். பளபளவென்று வர்ணம் பூசி, பிரிட்டிஷ் வட்டச் சின்னம் எழுதிய லிபரேட்டர் அது. “இந்த இடது இறக்கைக்கு அடியில் நாங்கள் தகரம் வைத்துத் தைத்த ஒட்டு ஒன்று இருக்க வேண்டும். அந்த ஊருக்குப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் பார்த்து வரச் சொல்லுங்கள்” என்றார்.