யாருடைய பொருள்? யாருக்கு இரவல்?

ஆலைத் தொழிலாளத் தோழருக்கு இரவல் கணக்கை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கருவி அறையில் எண்ணைப் பதிந்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்கிறார். மாலையில் திருப்பித் தந்து கணக்கை நேர் செய்கிறார். ஸ்பானர் ஆலையுடையது, எடுத்தவர் இவர். அதிலே குழப்பம் ஏது?

அருங்காட்சியகங்களிலும் இதே முறைதான். பேரேடு போய்க் கணினி வந்திருக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. சில மாதக் கண்காட்சிக்காக ஒரு பொருள் வெளியூர் போகிறதென்றால், அதற்கெனத் தனிப் பதிவு திறப்பார்கள். தருபவர் யார், பெறுபவர் யார், புறப்படும் நாள் எது, திரும்பும் நாள் எது, இன்ஷூரன்சு எவ்வளவு என அத்தனையும் ஏறும். எங்கே கீறல், எங்கே விரிசல் என்று படத்தோடு குறித்து வைப்பார்கள். திரும்பியதும் ஒத்துப் பார்த்துப் பதிவை முடிப்பார்கள். முடிக்க மறந்தாலோ, பொருள் அலமாரியில் இருக்கும். கணக்கில் மட்டும் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்! நல்ல முறைதான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ‘உரிமையாளர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஆப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

இன்றைய கானா நாட்டில் இருக்கிறது குமாசி. அசாந்தி மக்களின் தலைநகர். 1874-இல் தளபதி உல்ஸ்லியின் பிரிட்டிஷ் படை அதனுள் புகுந்தது. அரண்மனையைச் சூறையாடிற்று; நகருக்குத் தீ வைத்தது. அதோடு விட்டார்களா? போர்ச் செலவுக்கு ஈடாக 50,000 அவுன்சு தங்கம் தரவேண்டுமென்று தோற்றவர் தலையிலேயே கட்டினார்கள். வீட்டைக் கொளுத்தியவன் தீப்பெட்டிக்கும் காசு கேட்ட கதை! அள்ளிய பொன்னில் ஒரு பகுதி இலண்டன் நகைக்கடை மூலம் விலையாயிற்று. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த ஆண்டிலேயே அதில் சிலவற்றை வாங்கிக்கொண்டது.

நூற்றைம்பது ஆண்டு ஓடிற்று. 2024-இல் அந்த அருங்காட்சியகத்திலிருந்து 17, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து 15, ஆக 32 பொருள்கள் குமாசியின் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வந்தன. பலவும் அன்று பறிபோனவை. அரச வாள் வந்தது, பொற்பதக்கம் வந்தது, பொன் வேய்ந்த புகைக்குழாயும் வந்தது. திருப்பித் தந்துவிட்டார்கள் என்று எண்ணுகிறீர்களா? இல்லை தோழர்களே, இரவல்! மூன்றாண்டு இரவல்! வேண்டுமானால் இன்னும் மூன்றாண்டு நீட்டிக்கலாமாம்! கொடுப்பவர் இலண்டன், வாங்குபவர் அசாந்தியர் என்று எழுதியாயிற்று. பறித்தவர் உரிமையாளர், பறிகொடுத்தவர் இரவல்காரர்!

சட்டம் இடம் தரவில்லை என்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை 1963-ஆம் ஆண்டுச் சட்டமும், மற்றதை 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டிப்போட்டிருப்பது மெய்தான். சில விலக்குகள் தவிர, சேர்த்த பொருளை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டங்கள் வானத்திலிருந்தா விழுந்தன? இலண்டன் நாடாளுமன்றம் இயற்றியதை இலண்டன் நாடாளுமன்றம் திருத்தக்கூடாதா?

கிரேக்கர்கள் இந்தச் சூட்சுமத்தை அறிந்தவர்கள். பார்த்தினான் கோயில் சிற்பங்களை இரவலாகப் பெற்றால் இலண்டனின் உரிமையை ஒப்புக்கொண்டதாகும் என்று மறுத்தே வந்திருக்கிறார்கள். அப்படியானால் அசாந்தியர் ஏமாந்தார்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. பாட்டன் வாளைப் பேரன் கண்ணால் காண, சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? குற்றம் கையெழுத்திட்டவரிடம் இல்லை. அந்தத் தாளை நீட்டியவரிடம் இருக்கிறது.

வேறு வழியே இல்லையென்று சாதிப்போருக்கு ஒரு செய்தி. அதே 2024-இல், இலண்டனை முந்திக்கொண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஃபௌலர் அருங்காட்சியகம் அசாந்திப் பொருள்கள் ஏழினைக் குமாசிக்குக் கொண்டுவந்து கொடுத்தது. நிபந்தனை இல்லை, தவணை இல்லை. அந்த ஏழுக்கும் ‘திரும்பும் நாள்’ என்ற கட்டமே கிடையாது.