கியர் பொக்ஸின் சிவப்பு எண்ணெய்

ஒருவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதென்றால் ஆளை விசாரிக்கிறோம், கடையைப் பார்க்கிறோம், பழைய கொடுக்கல் வாங்கலைக் கேட்டறிகிறோம். ஆனால், பல இலட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது மட்டும் பொலிஷ் போட்ட பொனட்டைப் பார்த்து மயங்கி விடுகிறோம். யாரையும் குறை சொல்ல வரவில்லை. நானே அப்படி மயங்கியவன்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறிய கதை வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில், 2021இல், ஓட்டோ கியர் உள்ள டொயோட்டா கொரோலா 121 ஒன்றை வாங்கினேன். "ஒயில் எல்லாம் மாத்தித்தான் தாறன் நானா" என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யல்ல. எஞ்சின் ஒயில் புதிதுதான். கியர் பொக்ஸ் ஒயிலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் கார் தன் குணத்தைக் காட்டியது. எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது. கராஜில் பாஸ் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைக் கடதாசியில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுப்புக் கோப்பி நிறத்தில் கருகி மணத்தது. "புது ஒயில் போட்டா சரிவருமா?" என்று கேட்டேன். "பசியில இருக்கிறவனுக்குச் சோறு குடுக்கலாம் நானா, மௌத்தானவனுக்குக் குடுத்து என்ன?" என்றார். நான் கேட்கவில்லை. புது எண்ணெய் ஊற்றச் சொன்னேன். ஆறு வாரத்தில் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் கியர் பொக்ஸ் தேடி அலைந்தேன். அதற்குப் போன காசு என் கடையின் பல மாத வாடகை.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைக் கொஞ்சம் கற்றுக் கொண்டேன். ஓட்டோ கியர் பொக்ஸில் எண்ணெய் வெறும் மசகு மட்டுமல்ல. எஞ்சினின் பலத்தை டோர்க் கன்வேட்டர் வழியாகக் கடத்துவதும், கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுவேதான். கொழும்பு நெரிசலில் ஊர்ந்தும் மலையேறியும் திரியும் வண்டியில் அந்த எண்ணெய் சீக்கிரம் வெந்து போகும்.

பார்க்கும் முறையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 121 போன்ற டொயோட்டாவில், நன்றாக ஓடிச் சூடான பின் சமதரையில் நிறுத்தி, பிறேக்கை மிதித்தபடி லீவரை எல்லா கியருக்கும் ஒரு தடவை கொண்டு போய் 'பி'யில் விட வேண்டும். எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கவே டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் 'ஹொட்' அடையாளங்களுக்கிடையே நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் மட்டம் கூடுதலாகக் காட்டும், குறைந்திருப்பது தெரியாது. பழைய ஹொண்டாக்களில் இதற்கு நேர்மாறு: சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்ப்பார்கள். ஆகவே வண்டியின் கைநூல் சொல்வதே சட்டம்.

நிறம் கொஞ்சம் மங்குவது பெரிய விடயமல்ல, கருகல் மணம்தான் ஆபத்து. பால் தேத்தண்ணி போலிருந்தால் றேடியேற்றர் தண்ணீர் கலந்து விட்டது என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

மாற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழேயுள்ள ஆணியைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வராது, பாதிக்கு மேல் கன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கி விடும். 7 லீற்றர் பிடிக்கும் பொக்ஸில் 3 லீற்றர் வடிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தடவை மாற்றினால் நூற்றுக்கு 43 பங்குதான் புதிது. இடையில் சில நாள் ஓடி விட்டு இரண்டாம் தடவை மாற்றினால் 67, மூன்றாம் தடவை 81. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். பழைய பொக்ஸில் மெஷின் வைத்து ஒரேயடியாகத் தள்ளிக் கழுவ நான் விடுவதில்லை. வடித்ததை அளந்து பார்த்து அதே அளவை ஊற்றிய பின், சூட்டில் மட்டம் பார்க்க வேண்டும். அதிகமாக ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்து அழுத்தம் குறையும்.

தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களிம்பு படிந்திருப்பது வழமை. கைக்குத் தட்டுப்படும் இரும்புத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பில்டரையும் கஸ்கட்டையும் அப்போதே பார்த்துக் கொள்ளுங்கள்.

மலிவுக்காகக் கிடைத்த சிவப்பு எண்ணெயையெல்லாம் ஊற்றவும் கூடாது. 121க்கு டொயோட்டா சொல்வது டைப் டி-4. ஹொண்டாவின் பழைய இஸட்-1 இப்போது இல்லை, அதற்குப் பதில் டிடபிள்யூ-1 வந்திருக்கிறது. சீவிடி கியர் பொக்ஸ் என்றால் அதற்கான எண்ணெயே வேறு. மாறி ஊற்றினால் பொக்ஸே போய்விடும்.

ரீகண்டிஷன் பொக்ஸ் போடுவோருக்கு ஒன்று: பழைய பொக்ஸின் தூளும் துகளும் றேடியேற்றருக்குப் போகும் கூலர் குழாய்களில் இருக்கும். அவற்றைக் கழுவாமல் புது பொக்ஸைப் பூட்டினால் அந்தக் குப்பை அப்படியே அதற்குள் போகும். என் பாஸ் அதைக் கழுவியபோது வந்த கறுப்புத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது கார் பார்க்கப் போனால், விலை பேசுமுன் ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்துக் கொள்கிறேன். போன வருடம் ஒருவர், "நானா, சூடாகப் பார்க்க வேண்டாம், இப்படியே பாருங்கள்" என்று அவசரப்படுத்தினார். தேத்தண்ணி குடித்து விட்டு வருகிறேன் என்று சொல்லி எழும்பி வந்து விட்டேன்.