'லைஃப் ஆஃப் பை' கோயிலைப் பார்க்கப் போறீங்களா? முதல்ல வில்லியனூருக்கு டிக்கெட் எடுங்க!

கோயில் குளம் முழுக்க விளக்குகள். நடுவே மிதக்கும் தெப்பத்தில் பள்ளிகொண்ட பெருமாள். அம்மா, அப்பாவோடு கூட்டத்தில் நின்று அதைக் கண்கொட்டாமல் பார்க்கும் ஒரு சிறுவன். 2012-ல் வெளியான 'லைஃப் ஆஃப் பை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருவிழாக் காட்சி நிச்சயம் நினைவிருக்கும்.

அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரைச் சாலையில் நடந்து, மஞ்சள் சுவர் வீதிகளில் செல்ஃபி எடுத்துக்கொண்டு, இரவு பஸ் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். திருவிழாக் காட்சிக்காகப் படக்குழு தேடிப்போன இடமோ நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே, விழுப்புரம் சாலையில் இருக்கிறது. சங்கராபரணி ஆற்றை ஒட்டிய வில்லியனூர். அங்குள்ள கோகிலாம்பாள் உடனுறை திருக்காமீஸ்வரர் கோயில்தான் அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரையில் தெரிவது பெருமாள். கோயிலோ சிவன் கோயில்!

திரையில் ஓர் ஊர், நிஜத்தில் பல ஊர்

படப்பிடிப்பு இடங்களைத் தேடிப் போகும் குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சினிமாவில் வரும் ஊர் வேறு, படம்பிடித்த ஊர் வேறு. 'ரோஜா'வில் நாம் பார்த்த காஷ்மீரின் பனிமலை மணாலியில் இருக்கிறது. 'ஷோலே'யின் ராம்கட் கிராமத்தைத் தேடினால், பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள ராமநகரப் பாறைகளுக்குத்தான் போக வேண்டும்.

இயக்குநர் ஆங் லீயும் அப்படித்தான் தன் புதுச்சேரியைப் பல துண்டுகளாகத் தைத்தார். 2011 ஜனவரியில் புதுச்சேரியில் படப்பிடிப்பு தொடங்கியது. பையின் அப்பா நடத்தும் விலங்குக் காட்சிச்சாலைக்கு, பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் உருவாக்கிய தாவரவியல் பூங்கா களமானது. முத்தியால்பேட்டை தேவாலயத்தில் சில காட்சிகள், மூணாறு மலையில் சில காட்சிகள். புலியும் பையும் தத்தளிக்கும் பெருங்கடல்? அது தைவானில், கைவிடப்பட்ட ஒரு விமான நிலையத்தில் கட்டிய ராட்சதத் தண்ணீர்த் தொட்டி!

ஆகவே, "பை வந்த கடற்கரை எங்கே?" என்று புதுச்சேரி முழுக்கத் தேடி அலைவதில் பலன் இல்லை. படத்தில் பார்த்ததும் நேரில் இருப்பதும் இன்றைக்கும் ஒன்றாக நிற்கிற ஓரிரு இடங்களைத் தேர்ந்தெடுத்துப் போவதே புத்திசாலித்தனம். வில்லியனூர் அப்படிப்பட்ட இடம்.

மூன்று சாமி, ஒரே ஊர்

யான் மார்டெல் எழுதி, 2002-ல் புக்கர் பரிசு வென்ற நாவல்தான் படத்தின் மூலம். அதன் நாயகன் பை, இந்துக் கோயிலுக்கும் போவான், தேவாலயத்துக்கும் போவான், மசூதியிலும் தொழுவான். "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு" என்று பெரியவர்கள் சொன்னால் அவனுக்குப் புரியாது.

வில்லியனூரைச் சுற்றி நடந்தால் பையின் மனசு புரியும். சோழர் காலப் பழைமை கொண்ட திருக்காமீஸ்வரர் கோயில் ஒரு பக்கம். கொஞ்ச தூரத்தில் லூர்து அன்னை திருத்தலம். பிரான்ஸிலிருந்து 1877-ல் மாதா சொரூபம் வந்து சேர்ந்த இந்தத் தேவாலயத்தின் தனிச்சிறப்பு, நம் கோயில்களைப் போலவே படிக்கட்டுகளோடு அமைந்த திருக்குளம். மெழுகுவத்தியோடு வருபவர்களில் நெற்றியில் திருநீறு இட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் இஸ்லாமியக் குடும்பங்கள் வாழும் சுல்தான்பேட்டை.

படக்குழு அமைத்த விளக்குகளும் அலங்காரமும் அன்றைக்கே போய்விட்டன. ஆனால், வைகாசியில் நடக்கும் பிரம்மோற்சவத் தேரோட்டத்துக்கு எந்த இயக்குநரும் 'ஆக்‌ஷன்' சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் இது. 1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சி கைமாறிய பிறகும், துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்கிறது. படத்தில் சில நிமிடங்கள் வரும் திருவிழாவைவிட, இந்த ஊர் நடத்தும் திருவிழா பெரிது.

கிளம்பும் முன் நான்கு வேலைகள்

முதலில், வீட்டில் எல்லோரும் சேர்ந்து படத்தை மறுபடி பாருங்கள். பிடித்த காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் தூண் எங்கே இருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்" என்று குழந்தைகளிடம் கொடுத்தால் போதும், "போர் அடிக்குது" என்ற பேச்சே வராது.

இரண்டாவது, இடத்தை உறுதிசெய்யுங்கள். ரீல்ஸில் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி வண்டியைக் கிளப்ப வேண்டாம். படம் வெளியான காலத்துச் செய்திகள், படக்குழுவினரின் பேட்டிகள், படத்தின் முடிவில் வரும் நன்றி அட்டை ஆகியவற்றில் இரண்டாவது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நேரம். கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும். 12 மணி வெயிலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் நிறைய. காலையிலேயே போய்விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரிதான் சுகமான மாதங்கள்.

நான்காவது, அனுமதி. சினிமாவில் வந்த இடம் என்பதால் சன்னதிக்குள் கேமராவை நீட்ட முடியாது. எங்கே படம் எடுக்கலாம் என்று கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டுபோகும் ஆசை இருந்தால் முறையான அனுமதி இல்லாமல் வேண்டாம்.

ஒரு நாள் திட்டம்

காலை 6 மணி: ஊசுடு ஏரி. வில்லியனூருக்கு வடக்கே, புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாகக் கிடக்கும் பெரிய ஏரி. புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும்.

காலை 8 மணி: திருக்காமீஸ்வரர் கோயில். சாமி கும்பிட்ட பிறகு, குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அப்போது எடுங்கள்.

காலை 10 மணி: லூர்து அன்னை திருத்தலம். பிறகு கடைத்தெரு. டிபனையும் மதியச் சாப்பாட்டையும் வில்லியனூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சினிமா பார்த்து வரும் கூட்டத்தால் ஊருக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால், அது இந்த இட்லிக் கடையிலும் பூக்கடையிலும்தான் கிடைக்கும்.

மாலை: புதுச்சேரி தாவரவியல் பூங்கா. புலி இருக்காது. ஆனால், குழந்தைகளை விட்டு ஓடவைக்க மரநிழல் நிறைய உண்டு. இருட்டும் நேரத்தில் கடற்கரைச் சாலை.

சொந்த வண்டி இல்லையென்றாலும் கவலையில்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பஸ்கள் வில்லியனூர் வழியாகத்தான் போகின்றன. ரயில் நிலையமும் உண்டு.

இன்னொரு நாள் இருந்தால்... பாகூர்

பாகூருக்குப் போக சினிமாக் காரணம் தேவையில்லை. நகரத்திலிருந்து தெற்கே, கடலூர் சாலையில் சென்று மேற்கே திரும்பினால் சுமார் 20 கிலோமீட்டர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர். பெரிய ஏரி, அதன் தண்ணீரில் விளையும் வயல்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மூலநாதர் கோயில். கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள், அடித்தளத்தில் சின்னச் சின்ன நடனச் சிற்பங்கள்.

இங்கே கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு இன்னும் சுவையானது. 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததை அது சொல்கிறது. நெல் விளைந்த ஊரில் கல்வியும் விளைந்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

வயல் வரப்பில் நின்று போட்டோ எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். நட்ட வயலில் மட்டும் கால் வைக்காதீர்கள். பச்சைப் பின்னணி நமக்கு ஒரு படம், அந்த விவசாயிக்கு அது ஒரு போகம்.

கூட்டம் கூடினால் என்ன ஆகும்?

தாய்லாந்தின் மாயா விரிகுடா 2000-ல் வந்த 'தி பீச்' படத்தால் உலகப் புகழ் பெற்றது. படகு படகாகக் கூட்டம் வந்து பவளப்பாறைகள் பாழானதால் 2018-ல் அதை மூடினார்கள். 2022 தொடக்கத்தில்தான், கட்டுப்பாடுகளோடு மறுபடி திறந்தார்கள்.

ஆந்திராவில் கோதாவரிக் கரையில் குமாரதேவம் கிராமத்துத் தூங்குமூஞ்சி மரம், ஏராளமான தெலுங்குப் படங்களில் நடித்த 'நட்சத்திரம்'. அதன் பெயரே 'சினிமா செட்டு', அதாவது சினிமா மரம். 2024 ஆகஸ்டில் அது சாய்ந்தபோது ஊரே துக்கம் விசாரிக்க வந்தது போல் கூடியது. படம் பார்த்தவர்களுக்கு அது ஒரு காட்சி. அந்த ஊருக்கோ தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த மரம்.

வில்லியனூர்க் குளமும் அப்படித்தான். கேமரா வந்து போனது சில நாள்கள். அதற்கு முன்பும் பின்பும் அங்கே விளக்கேற்றுபவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கரையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு வராமல், செருப்பை வெளியே விட்டுவிட்டு, பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உள்ளே போனால், விருந்தாளியாக நடத்துவார்கள்.

முடிந்தால் வைகாசித் தேருக்கே நாள் பார்த்துக் கிளம்புங்கள். அன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் தேவைப்படாது. ஸ்மார்ட்போனைப் பையில் போட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருக்கும்!